மூன்று சிவப்புக் கோடுகள்

ஜெனி மகள்,

நீ திருகோணமலைக்குப் போய் இன்றைக்குப் பதினோரு நாள். வாடகைக்கு எடுத்த கதிரைகளை நேற்றுத்தான் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பந்தல்கால் நட்ட குழிகள் முற்றத்து மணலில் அப்படியே கிடக்கின்றன. கழுதைகள் வந்து வாழையிலைக் குப்பையைக் கிளறிவிட்டுப் போகின்றன. துரத்துவதற்கு எனக்கும் அலுப்பு, அம்மாவுக்கும் அலுப்பு. கல்யாண வீடு முடிந்தால் இப்படித்தான் இருக்கும் என்கிறாள் அம்மா. எனக்கு அது மட்டும் இல்லை. உன்னிடம் சொல்லாமல் அனுப்பிவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். மாதா கோவிலில் உன் கல்யாண அறிவித்தல் ஓலை வாசித்த ஞாயிறுகள் மூன்றும் போயின. பிறகு உன் சேலைக்கரையைப் பிடித்துக்கொண்டு கோவில் வாசல்படி ஏறினேன். அப்போதும் சொல்லவில்லை.

இதை எழுதத் தொடங்கி மூன்று நாளாகிறது. வலக்கை மணிக்கட்டை இடக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து ஓடித் திரிந்தால் குறை நினைக்காதே. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதியில் திணறினால் நீ ஏதாவது சொல்லி என்னைத் தேற்றிவிடுவாய். அந்தச் சாட்டில் நானும் நிறுத்திவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

எல்லாம் அந்தக் கார்களைப் பற்றியதுதான். உன் அண்ணன் கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை எடுத்த வருஷம் பிரான்ஸிலிருந்து சித்தப்பா ஒரு பெட்டி அனுப்பினார். உண்மையான பந்தயக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான காரை நாங்களே ஒட்டிச் செய்து பெயின்ற் அடிக்கவேண்டும். அண்ணன் இரண்டு நாள் துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பந்தடிக்க ஓடிவிட்டான். உனக்கு அப்போது ஐந்து வயது. நான் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். ஏன் அது என்னைப் பிடித்துக்கொண்டது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து மாலைவரை நான் பேசாலைக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். என்னிடம் வருகிற எதுவும் உடைந்து, உப்புப் பிடித்து, யாரோ திட்டித் தீர்த்த பிறகுதான் வரும். அந்தப் பெட்டிக்குள் இருந்த எதுவும் இன்னும் பழுதாகியிருக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அந்த மேசையை விட்டு நான் எழும்பவில்லை.

உனக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஒருநாள் என் மெல்லிய பிரஷை எடுத்து நீ ஒரு காரின் சில்லுக்குச் சாம்பல் நிறம் பூசிக்கொண்டிருந்தாய். நான் உன் கையைத் தட்டிவிட்டு, பெண் பிள்ளைக்கு இதென்ன வேலை, அம்மா குசினியில் என்ன செய்கிறாள் என்று போய்ப் பார் என்றேன். அண்ணன் அந்த மேசைப் பக்கம் எட்டியும் பார்க்காத காலம் அது. ஆனாலும் அது அவனுக்காக வந்தது என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த நாளும் நினைவிருக்கிறது. நீ வந்து பின்னால் நின்றாய். நான் தண்ணீரில் ஊறிய ஸ்டிக்கர் ஒன்றை இடுக்கியால் பிடித்து ஒரு கதவில் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே "பொறு" என்றேன். நீ பொறுத்தாய். பிறகு எப்போது போனாய் என்று எனக்குத் தெரியாது. இராச்சாப்பாட்டின்போது அம்மா சொல்லித்தான் உன் முடிவு எனக்குத் தெரியவந்தது. எட்டுப் பாடத்துக்கு ஏ எடுத்திருந்தாய்.

கை நடுக்கம் முதலில் பட்டறையில்தான் வந்தது. சின்ன ஆணிகள் கைதவறி மணலில் விழுந்தன. பொடியன்களிடம் வெயில் என்று சொன்னேன். பிறகு மேசைக்கும் வந்தது. பெயின்ற் தடித்துப் போச்சு, பிரஷ் சரியில்லை, வெளிச்சம் காணாது என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன். ஒரு காரின் சில்லு வளையங்களுக்கு நாலு தரம் வெள்ளி பூசி, நாலு தரமும் சுரண்டி எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பட்டறையிலிருந்து வந்து பார்த்தபோது நாலு வளையமும் பூசி முடிந்திருந்தன. யார் தொட்டது என்று கத்தினேன். நீ அறையிலிருந்து வந்தாய்.

"நான்தான் அப்பா," என்றாய். "உங்கட கை நடுங்குது. எனக்குக் கனநாளாத் தெரியும். பிழையெண்டா உரஞ்சி எடுக்கலாம், எடுங்கோ."

நான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பிழை ஏதாவது கிடைக்கவேண்டும் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதுதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. போய்ச் சாப்பிட்டேன். அடுத்த கிழமை ஒரு காரின் பொனற் மூடியையும் பெயின்ற் பேணியையும் மேசையில் வைத்துவிட்டு, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனேன். திரும்பி வந்தபோது அது முடிந்திருந்தது. அப்படித்தான் நாங்கள் தொடங்கினோம். நான் ஒட்டுவேன், உரஞ்சுவேன். நீ பூசுவாய். ஒரு வருஷம் போனபிறகுதான் இருவரும் ஒரே நேரத்தில் அந்த மேசையில் உட்கார்ந்தோம். வெளியில் எவருக்கும் நான் சொல்லவில்லை. அத்தனை வருஷமாக என் கை என்று ஊர் பார்த்தது. அந்தக் கை போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எஞ்சின் கொண்டுவருகிறவர்களும் அந்தக் கையைத்தான் நம்பி வந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

பிறகு அந்த வெள்ளைக் கார். பகலும் இரவும் ஓடும் நீண்ட பந்தயத்துக்கான கார், வால் நீண்டது. பழைய பெட்டி, யாரோ வாங்கி வைத்திருந்து கைமாறி வந்தது. ஸ்டிக்கர் தாளைத் தண்ணீரில் போட்டதும் பாலாடை மாதிரிப் பிரிந்து துண்டு துண்டாய் மிதந்தது. காரின் உடம்பில் ஓடவேண்டிய மூன்று சிவப்புக் கோடுகளை இனிக் கையால்தான் கீறவேண்டும். மூக்கில் ஒரு நெல்லின் அகலத்தில் தொடங்கி, கண்ணாடிக்கு மேலால் வளைந்து ஏறி, வாலுக்குப் போகும்போது மயிரிழையாய் முடியவேண்டும். ஒன்றோடொன்று எங்கேயும் முட்டக்கூடாது. இது சரிவராது, பெட்டியை மூடிவைப்போம் என்றேன். நீ கேட்கவில்லை. சோளகக் காற்றுக் காலம். ஏழு மணிக்குப் பிறகு மணல்தூசி வீட்டுக்குள் வந்து ஈரப் பெயின்றில் ஒட்டிவிடும். அதனால் விடிய ஐந்தரைக்கு எழும்பி, காற்று எழும்ப முதல் ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்தாய். பள்ளிக்கூடம் போக முதல். இரண்டு தரம் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாய். மூன்றாவது தரம் கடைசிக் கோட்டின் நுனியை நீ இழுத்தபோது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு கோட்டை என் நல்ல காலத்திலும் நான் இழுத்தது இல்லை. அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். தேத்தண்ணி குடி என்று மட்டும் சொன்னேன்.

கொழும்பில் இப்படிக் கார் செய்கிறவர்கள் கூடிக் கண்காட்சி வைத்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால் உன்னிடம் நிரப்பச் சொன்னேன். நீ எழுதிக்கொண்டு வந்து ஓரிடத்தில் பேனையை நிறுத்தினாய்.

"செய்தவரின்ர பேர் கேட்டிருக்குது," என்றாய். "ஆரின்ர பேர் போட?"

மகள், நீ அதைச் சும்மா கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். இரண்டு பேரையும் எழுதலாம் என்று ஒரு சொல்லுக்காகத்தான் நீ பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தாய்.

"என்ர பேரைப் போடு. நான்தானே கொண்டுபோறன்," என்றேன்.

நீ போட்டாய். உன் அழகான எழுத்தில்.

அங்கே எங்கள் கார்தான் முதலாவதாக வந்தது. என் பேரைக் கூப்பிட்டார்கள். நீயும் அம்மாவும் மூன்றாவது வரிசையில் இருந்தீர்கள். நடுவர் ஒரு சிங்களப் பெரியவர், மெல்லிய குரல். மேடையில் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. கீழே பார்த்தேன். நீ எழும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாய்.

"இந்தக் கோட்டை எப்பிடிக் கீறினனீங்கள் எண்டு கேக்கிறார் அப்பா."

"பொறுமையாச் செய்தனான் எண்டு சொல்லு."

நீ அவரிடம் திரும்பிச் சொன்னாய். நான் சொன்னது இரண்டு சொல். நீ பேசியது அதைவிட எவ்வளவோ நீளம். கையை ஒருதரம் காற்றில் வளைத்துக்கூடக் காட்டினாய். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை நடுங்குவதைச் சந்தோஷம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பரிசாகத் தந்த கேடயத்தை உன் மடியில்தான் வைத்துக்கொண்டு வந்தாய். நான் வைத்திருந்தால் விழுந்துவிடும் என்று.

அதற்குப் பிறகு நீ பிரஷைத் தொடவில்லை. நான் அடுத்த பெட்டியைத் திறந்து வைத்தேன். படிப்பு இருக்குது அப்பா என்றாய். ஏ.எல். பரீட்சை வருஷம், நம்பக்கூடிய காரணம்தான். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு நீ யாழ்ப்பாணம் கம்பசுக்குப் போனாய், படித்து முடித்தாய், மன்னாரில் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். பெயின்ற் பேணிகள் இறுகிக் கல்லாகின. கண் பார்வை குறைந்துபோனதால் நான் இப்போது செய்வதில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். நானாக ஒருநாளாவது உன்னிடம் வந்து, மகள், நான் செய்தது அநியாயம் என்று சொல்லவில்லை. ஒன்பது வருஷம்.

தை மாதம் மருமகன் தன் தாய் தகப்பனோடு முதன்முதலாக வீட்டுக்கு வந்தார் அல்லவா. எல்லாரும் உன் படிப்பையும் வேலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். குனிந்து அந்த வெள்ளைக் காரைக் கனநேரம் பார்த்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதெல்லாம் ஆர் செய்தது என்று உன்னிடம் கேட்டார். நீ பிளேன்ரீத் தட்டை மேசையில் வைத்துக்கொண்டே, "அப்பா," என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு சுளிப்பு, ஒரு சின்னச் சிரிப்பு, ஏதாவது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. எனக்காக நீ பொய் சொல்லவில்லை, மகள். உனக்கு அது பழகிப்போய் இருந்தது. உன் கையால் நடந்த ஒன்றுக்கு வேறொருவரின் பேரைச் சொல்வது உனக்கு அவ்வளவு இலகுவாக வந்தது. அதைப் பழக்கியவன் நான்.

மாசியில் கை நடுக்கத்துக்குக் கொழும்பில் பெரிய டொக்டரிடம் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். நீ சுடுதண்ணிப் போத்தலும் பழைய மருந்துத் துண்டுகளும் எடுத்து வைத்தாய். நானும் வாறன் என்று நின்றாய். மறித்துவிட்டேன். நான் டொக்டரிடம் போகவில்லை. அந்தக் கண்காட்சி இந்த வருஷமும் நடந்தது, அதற்குப் போனேன். வெள்ளைக் காரையும் கேடயத்தையும் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். அலுமாரியில் காரைக் காணவில்லையே என்று நீ கேட்டபோது பிரான்ஸ் சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் படம் எடுக்கக் கேட்டார் என்று இன்னொரு பொய். உண்மை சொல்லப் போவதற்கு எனக்கு இரண்டு பொய் வேண்டியிருந்தது.

கண்காட்சி வாசலில் செயலாளராக இருந்தவர் ஒரு தமிழ் அம்மா, வங்கியில் வேலை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா, வீட்டுல எல்லாரும் கூடமாட உதவுறதுதானே, இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க என்று கேட்டார். உதவி இல்லை, அந்தக் கோடுகளுக்குத்தான் பரிசு, அதில் ஒரு இழையும் என்னுடையது இல்லை என்றேன். அவர் எழும்பி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்த நடுவர் இப்போது ஊன்றுகோலோடு கதிரையில் இருக்கிறார். செயலாளர் அம்மா அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல, அந்த அம்மா அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க ரெண்டே சொல்லுதான் சொன்னீங்களாம். மகள்தான் எல்லாத்தையும் விளக்கினாங்களாம். டேப்பைக் கண்ணாடி மேல வச்சு எப்படி வெட்டணும், வளைவுல மூச்சை எங்க பிடிச்சு எங்க விடணும், காத்து எழும்ப முன்னாலயே ஏன் முடிக்கணும்னு. எல்லாத்தையும் 'எங்க அப்பா இப்படித்தான் செய்வார்'னு சொன்னாங்களாம். கையால செஞ்சவங்களுக்குத்தான் அது தெரியும்னு நடுவர் சேருக்கு அப்பவே தோணியிருக்கு."

அப்படியானால் ஏன் அன்றைக்குக் கேட்கவில்லை என்றேன். தகப்பனுக்கு முன்னால் வைத்து மகளிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாராம். அது பிழை என்று அவரும் சொன்னார். நான் கேடயத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. அது திருப்பித் தருவதற்கு உங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்.

பதிவில் என் பேரை வெட்டிவிட்டு உன் பேரை எழுதினார்கள். எழுத்து ஒவ்வொன்றாகச் சரியா என்று நான் கேட்டுப் பார்த்தேன். பிறகு காரை ஒரு மேசையில் வைத்து, உன் பேர் எழுதிய அட்டை ஒன்றை அதற்கு முன்னால் நிறுத்தினார்கள். அன்று முழுக்க நான் அதற்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் காவல்காரன் மாதிரி இருந்தேன். வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, நீங்களா செய்தது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் கேட்டார்கள். இல்லை, என்ர மகள் என்றேன். மற்ற இரண்டு பாஷையிலும் அதை எப்படிச் சொல்வது என்று செயலாளர் அம்மாவிடம் கேட்டுப் பழகிக்கொண்டேன். பின்னேரம் ஆகும்போது தொண்டை கட்டிவிட்டது. மகள் வரவில்லையா, இப்போது என்ன செய்கிறார் என்று ஒரு பெண் கேட்டாள். மன்னாரில் ஆய்வுகூடத்தில் வேலை என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். நீ படலையடியில் நின்று டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டாய். குளிசையை மாற்றித் தந்திருக்கிறார் என்றேன். ஆயிரம் பேருக்கு முன்னால் சொன்னதை உனக்கு முன்னால் சொல்ல ஏலவில்லை. முந்தாநாள்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"எனக்குச் சொல்லி என்ன?" என்றாள். "அவளுக்கெல்லோ சொல்லோணும்."

அதனால்தான் இந்தக் கடிதம். தகப்பன் மகளுக்கு எழுதினால் புத்திமதி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு அதற்கு முகம் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மருமகன் நல்லவர். நானும் நல்லவன்தான் என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். நல்லவர்களுக்காக விட்டுக்கொடுப்பதுதான் மிகவும் இலகு, அதனால்தான் அது கூடாது. வீட்டிலோ வேலையிலோ நீ செய்த ஒன்றை இன்னொருவர் தன்னுடையது என்று சொல்ல நேர்ந்தால், அந்த நிமிஷமே, நான் செய்தது என்று சொல். சண்டை போடத் தேவையில்லை, சாதாரணமாகச் சொல். பிந்தினால் அது வாயில் வராமல் போய்விடும். மேடையில் நீயே சொல்லியிருக்கலாமே என்று நான் ஒருநாளும் நினைக்கமாட்டேன். பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் தகப்பனின் மானத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றவன் நான்.

உனக்கு நான் பிரஷ் வாங்கி அனுப்பவில்லை. திரும்பவும் தொடங்கு என்று கேட்கவும் இல்லை. உனக்கு அதில் ஆசை இருக்கிறதா, செத்துவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. காரும் கேடயமும் உன் பேர் எழுதிய அட்டையும் இங்கே ஒரு பெட்டியில் இருக்கின்றன. வேண்டுமென்றால் எடுத்துக்கொள். வேண்டாமென்றாலும் உன் விருப்பம். மருமகனிடம் சொல்வதும் உன் விருப்பம். நானே சொல்லவேண்டும் என்று நீ நினைத்தால் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை வாசித்துவிட்டு உடனே போன் எடுத்து, பரவாயில்லை அப்பா என்று சொல்லிவிடாதே. நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன். இந்த வயதில் எனக்கு எதையும் நம்பிவிடத்தான் தோன்றுகிறது. கோபம் வந்தால் கோபப்படு. ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருக்கவேண்டும் போலிருந்தால் இரு. அம்மாவோடு பேசு. அவள் போனைக் காதில் வைத்திருக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். உன் குரல் கொஞ்சமாவது கேட்கும்.

அப்பா